மெய்ப்பாடும் மின்வரைபும்: உள அமைதியை அளக்கும் கருவிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

உள்ளத்தின் அசைவு உடலிற் புலனாகும் என்பது தமிழ் இலக்கண மரபு மிகப் பழைய காலத்திலேயே வகுத்துரைத்த உண்மையாகும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, அவை ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிலே தோன்றும் என வரையறுக்கின்றது. அவ்வெட்டோடு அமையாது வேறு முப்பத்திரண்டினையும் அவ்வியல் எண்ணித் தருகின்றது. உயிர்ப்பு, வியர்த்தல், நடுக்கு என்னும் மூன்றும் அம்முப்பத்திரண்டனுள் அடங்குவன. மூச்சும் வியர்வையும் நடுக்கமும் அகத்தே நிகழ்வதைப் புறத்தார்க்கு அறிவிக்கும் என்பது இலக்கணகாரர் கண்ட முடிபு.

இன்று அதே மூன்றினையும் மின்கருவிகள் அளக்கின்றன. மார்பிலும் விரலிலும் மணிக்கட்டிலும் பொருத்தப்படும் சிறிய உணரிகள் இதயத் துடிப்பையும் தோலின் ஈரத்தையும் மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் இடையறாது பதிவு செய்கின்றன. அப்பதிவுகளைக் கொண்டு ஒருவர் நெருக்கீட்டுக்கு உள்ளாகியிருக்கின்றாரா, தளர்ந்திருக்கின்றாரா, அவர் செய்யும் தியானம் பயன் தருகின்றதா என்றெல்லாம் கூற முற்படுகின்றனர். ஆய்வுகூடங்களில் மட்டும் வழங்கிய இம்முறை இப்பொழுது கைக்கடிகாரத்தினுள்ளும் புகுந்து, அணிந்திருப்பவருடைய மனநிலைக்குப் புள்ளி இடும் அளவிற்கு வளர்ந்துவிட்டது.

இவ்வளவீடுகள் எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லமாட்டா என்பதே இக்கட்டுரையின் வினா. அவ்வினாவிற்குத் திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பகுதியிற் கடலோரமாய் அமைந்துள்ள சல்லிக் கிராமம் ஏற்றதோர் உரைகல்லாகும். சல்லி என்றதும் நினைவிற்கு வருவது அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில். விழாக் காலங்களிலே திருகோணமலைப் பகுதியின் பல ஊர்களிலிருந்தும் நேர்த்தி வைத்தோர் அங்கு வந்து சேர்கின்றனர். 1983 முதல் 2009 வரை நீடித்த போரையும், 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையையும் கண்ட கரை அது. அத்தகைய ஊரிலே அமைதி என்பது யாது? அதனை ஒரு கருவி எவ்வாறு இனங்காணும்?

கருவிகள் காண்பவை

முதலிற் கருவிகளின் இயல்பை நோக்குதல் வேண்டும். மனக்கிளர்ச்சியின்போது தோலின் மின்னியல்பு மாறுகின்றது என்பதை 1888 இற் பிரெஞ்சு மருத்துவர் ஃபெரேயும், 1890 இல் ரஷ்ய உடற்றொழிலியலாளர் தர்கானொவ்வும் எடுத்துக்காட்டினர். உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகளைப் பரிவு நரம்புத் தொகுதி இயக்குகின்றது. கிளர்ச்சி எழுந்ததும் அவை சுரக்கின்றன; ஈரம் மிகவே தோல் மின்னை எளிதிற் கடத்துகின்றது. கண்ணுக்குப் புலப்படாத வியர்வையையும் கருவி இவ்வாறு கண்டுகொள்கின்றது.

மூளையின் மின்னோட்டத்தைத் தலையோட்டின் மேலிருந்தே பதிவு செய்யலாம் என்பதை ஜெர்மனியிலே ஹான்ஸ் பேர்கர் 1924 இற் கண்டு 1929 இல் வெளியிட்டார். விழித்தபடியே கண்களை மூடி ஓய்ந்திருப்போரிடம், செக்கனுக்கு ஏறத்தாழ எட்டு முதற் பதின்மூன்று வரை எழும் அல்பா அலைகள் சிறப்பாகத் தோன்றும். ஓசையோ ஒளியோ குறுக்கிடும்போது அவ்வலை மறைகின்றது.

இதயத்தைப் பற்றிய அளவீடு இன்னும் நுண்ணியது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு விரைகின்றது, வெளிவிடும்போது தணிகின்றது. ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் இடையேயுள்ள காலம் ஒரே சீராய் இராது இவ்வாறு மாறிக்கொண்டிருப்பது நலத்தின் அறிகுறி எனக் கருதப்படுகின்றது. நெருக்கீட்டின்போது இம்மாற்றம் குறைகின்றது. நிமிடத்திற்கு ஆறு முறை என்னும் அளவில் மெல்ல மூச்சு விட்டால் அது பெருகுகின்றது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திற் பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்துநான்கு, இரேசகம் முப்பத்திரண்டு என மூச்சிற்குக் கணக்கு வகுத்தது ஈண்டு நினைக்கத்தக்கது. இழுப்பதினும் விடுவது இரு மடங்கு நீளுதல் வேண்டும் என்ற அவ்விதியை, வெளிமூச்சின்போதே இதயம் தணிகின்றது என்னும் இக்கால அறிவோடு சேர்த்து நோக்குவது பயனுடைத்து. தன்னியல்பாயும் நடந்து, விரும்பியவாறும் நடத்தக்க உடற்றொழில்களுள் மூச்சும் ஒன்றாதலால், உடலுக்கும் உள்ளத்திற்கும் இடையேயுள்ள வாயில் அதுவே என்று யோக நூலாரும் உடற்றொழிலியலாரும் ஒருங்கே கருதினர் எனலாம்.

எனினும் இக்கருவிகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. அவை காண்பது கிளர்ச்சியின் அளவை மட்டுமே. கிளர்ச்சியின் பெயரை அல்ல. அஞ்சியவன் கையும் வியர்க்கும். காதலியைக் கண்டவன் கையும் வியர்க்கும். வெகுண்டவன் கையும் வியர்க்கும். தொல்காப்பியர் இவ்வெல்லையை நன்குணர்ந்திருந்தார் என்றே தோன்றுகின்றது. அழுகை என்னும் ஒரே மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கிலிருந்தும் பிறக்கும் என்கிறார் அவர். கண்ணீர் ஒன்றுதான், நிலைக்களன் நான்கு. நிலைக்களனை அறியாதவன் கண்ணீரைக் கண்டும் அழுகையை அறியாதவனே. மெய்ப்பாட்டின் பொருளைக் கண்ணாலும் செவியாலும் நுட்பமாய் உணரவல்லாரே அறிவர் என்று அவ்வியல் குறிப்பது இக்காரணம் பற்றியே போலும். செவி என்று அவர் சேர்த்துக் கூறியது பெரிதும் கருதத்தக்கது. பார்த்தல் மட்டும் போதாது, கேட்டலும் வேண்டும்.

யோகியரும் ஆய்வுகூடமும்

தியானத்தையும் யோகத்தையும் கருவிகொண்டு ஆராயும் முயற்சி பெரும்பாலும் இந்தியாவிலேயே தொடங்கியது. சுவாமி குவலயானந்தர் 1924 இல் லோனவ்லாவிற் கைவல்யதாம நிறுவனத்தை ஏற்படுத்தி, அவ்வாண்டிலேயே யோக மீமாம்சா என்னும் ஆய்விதழையும் தொடங்கினார். பிரான்சைச் சேர்ந்த இதய மருத்துவர் தெரேஸ் புரோஸ் 1935 இல் இதய மின்வரைபுக் கருவியோடு இந்தியாவிற்கு வந்து யோகியரைப் பரிசோதித்தார். யோகி ஒருவர் தம் இதயத்தின் மின்னோட்டத்தை ஏறக்குறைய இல்லாத நிலைக்குத் தாழ்த்தினார் என்ற அவருடைய செய்தி உலகெங்கும் பரவியது. யோகி இதயத்தை நிறுத்துவார் என்ற நம்பிக்கைக்கு அறிவியலின் முத்திரை கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அமெரிக்கரான வெங்கரும், அமெரிக்காவிற் பணியாற்றிய பக்சியும், புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆனந்தும் இத்தகைய ஆற்றல் உடையோர் நால்வரை ஆராய்ந்து 1961 இல் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது இதயத்திற்குத் திரும்பும் குருதி குறைகின்றது; மணிக்கட்டின் நாடி மங்குகின்றது; இதய ஒலியும் கேளாது போகின்றது. ஆனால் மின்வரைபிலே இதயம் தொடர்ந்து துடித்துக்கொண்டேயிருந்தது. நாடி பார்த்தவர் விரலுக்கு நின்றுவிட்ட இதயம் கருவிக்கு நிற்கவில்லை.

இம்முடிவைக் கொண்டு யோகத்தையே ஏமாற்று என ஒதுக்குதல் பிழை. தசைகள் மீது அவர்கள் பெற்றிருந்த ஆட்சி மெய்யானதே. பொய்த்தது அவ்வாட்சிக்கு மற்றையோர் கொடுத்த பெயர். கருவி இங்கே செய்த தொண்டு பெரிது. பெருமித உணர்வால் ஒன்றனைப் பன்மடங்காக்கிக் கூறும் இயல்பிற்கு அது அணையிட்டது. அறிவியல் ஒரு மரபிற்குச் செய்யக்கூடிய மரியாதை, அதனைப் புகழ்வதன்று; அதனைப் பொருட்படுத்திச் சோதிப்பதேயாகும்.

அதே 1961 ஆம் ஆண்டில் ஆனந்த், சின்னா, சிங் ஆகிய மூவரும் சமாதி நிலையில் இருந்த யோகியருடைய மூளை மின்வரைபுகளை வெளியிட்டனர். பேரொலி, கடும் ஒளி, சுடும் கண்ணாடிக் குழாயின் தொடுகை ஆகியன குறுக்கிட்டபோதும் சமாதியில் இருந்தோரின் அல்பா அலை குலையவில்லை. வேறு இருவர் நான்கு பாகை செல்சியசு குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடங்கள் வரை கையை வைத்திருந்தபோதும் அவ்வலை நிலைத்து நின்றது. ஐந்தாண்டுகளின் பின், 1966 இல், யப்பானிற் கசாமற்சுவும் ஹிராயும் சென் பௌத்தத் துறவியரை ஆராய்ந்து வேறொரு முடிபிற்கு வந்தனர். ஒரே ஓசை திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது மற்றையோர் அதற்குப் பழகிவிடுகின்றனர். சென் துறவியரோ ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கேட்பவர்போல் எதிர்வினை காட்டினர்.

யோகி உலகிற்குக் கதவடைக்கின்றார், சென் துறவி கதவைத் திறந்து வைக்கின்றார் என்ற அழகிய முடிபு இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் பிறந்து நூல்தோறும் எடுத்தாளப்பட்டது. இரு சமயங்களின் தத்துவ வேறுபாடே மின்வரைபில் எழுதப்பட்டுவிட்டது எனப் பலர் கருதினர். ஆனால் 1981 இற் பெக்கரும் ஷப்பிறோவும் பல்வகைத் தியானியரை ஒரே முறையில் ஒப்பிட்டபோது அவ்வேறுபாடு தோன்றவில்லை. சிலரை மட்டும் சோதித்துப் பெற்ற முடிவு, கேட்போர் விரும்பிய கதையோடு பொருந்தியமையாலேயே நெடுங்காலம் வாழ்ந்தது எனலாம். இலக்கியத் திறனாய்விலும் இந்நோய் உண்டு. பனுவலில் இருப்பதைக் காணாது, காண விரும்பியதைக் காணுதலே அது.

தளர்வு என்னும் கொள்கை

1970 இல் அமெரிக்கரான வொலஸ், ஆழ்நிலைத் தியானம் செய்வோர் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். தியானத்தின்போது ஒட்சிசன் நுகர்வு குறைந்தது. இதயத் துடிப்புத் தணிந்தது. தோலின் மின்தடை உயர்ந்தது. அவரோடு இணைந்து ஆராய்ந்த மருத்துவர் ஹேர்பேர்ட் பென்சன் 1975 இல் வெளியிட்ட நூலில், இம்மாற்றங்கள் எந்த ஒரு சமயத்திற்கும் உரியன அல்ல, அனைவரிடத்தும் இயல்பாய் அமைந்த தளர்வு விளைவே அவை என்று வாதிட்டார். அமைதியான இடம், ஒரு சொல்லை மீட்டும் மீட்டும் கூறுதல், வந்துபோகும் எண்ணங்களைப் பொருட்படுத்தாமை, இலகுவான இருக்கை என்பன இருந்தாற் போதும். சொல்லின் பொருள் முதன்மையன்று என்பது அவர் கருத்து. ஒன்று என்ற எண்ணுப்பெயரே மந்திரத்தின் பணியைச் செய்யும் என்றார்.

இக்கொள்கையின் சிறப்பு அதன் பொதுமை. மருத்துவமனைக்கு வரும் எவருக்கும், அவருடைய சமயம் எதுவாயினும், இதனைக் கற்பிக்கலாம். லண்டனிலே மருத்துவர் சந்திரா பட்டேலும் நோத்தும் 1975 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. உயர் குருதியமுக்கமுடைய 34 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவிற்கு யோகத் தளர்வுப் பயிற்சியையும், உடலின் நிலையை உடனுக்குடன் தமக்கே உணர்த்தும் கருவிப் பயிற்சியையும் அளித்தனர். அக்குழுவின் சராசரிக் குருதியமுக்கம் 168/100 இலிருந்து 141/84 ஆகத் தாழ்ந்தது. பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவிலும் அது 169/101 இலிருந்து 160/96 ஆகத் தாழ்ந்தது. மருத்துவரின் கவனிப்பும் ஓய்வுமே சிறிது நலம் தருவன என்பதையும், பயிற்சி அதற்கு மேலும் தந்தது என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே உணர்த்துகின்றன. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருப்பின் முழுப் புகழும் பயிற்சிக்கே போயிருக்கும்.

ஒப்பீட்டின் இன்றியமையாமையை டேவிட் ஹோம்ஸ் 1984 இல் எழுதிய மதிப்புரை மேலும் வலியுறுத்தியது. தியானம் செய்வோரையும், வெறுமனே கண்மூடி ஓய்ந்திருப்போரையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அவர், உடற்கிளர்ச்சியைத் தணிப்பதில் தியானம் ஓய்வினும் மிக்கதாகத் தோன்றவில்லை என்று முடிவு செய்தார். தியானத்தை நம்புவோர்க்கு இது கசப்பாய் இருந்தது. ஆயினும் ஹோம்சின் முடிவு காட்டுவது தியானம் பயனற்றது என்பதை அன்று. தியானத்தின் பயனை உடற்கிளர்ச்சியின் தணிவில் மட்டும் தேடியது பொருந்தாது என்பதையே. 1995 இற் பெங்களூரில் ஷேர்லி தெல்லசும் உடன் ஆய்வாளரும் பயிற்சி மிக்க எழுவரிடம் ஓங்காரத் தியானத்தை ஆராய்ந்தபோது, இதயத் துடிப்புத் தணிந்த அதே வேளையில் தோலின் குருதிக்குழாய்கள் மனவிழிப்பைக் குறிக்கும் வகையிற் சுருங்கியிருப்பதைக் கண்டனர். ஓய்வும் விழிப்பும் ஓருடலில் ஒருங்கே இருந்தன. தூக்கம் ஒரு முனை, பதற்றம் மறுமுனை என ஒற்றைக் கோட்டில் உள்ளத்தை வைத்து அளக்கும் முறைக்கு இது அடங்காது.

காவடியும் உணரிகளும்

அமைதியாய் அமர்ந்திருப்போரை அளந்த ஆய்வுகள் இவை. தமிழரின் வழிபாடோ பெரும்பாலும் அமர்ந்து செய்யும் தியானமன்று. பறையும் உடுக்கும் முழங்க, வேப்பிலை ஏந்தி, காவடி தூக்கி, தீ மிதித்து, உரு வந்து ஆடும் வழிபாடு அது. கிழக்கிலங்கையின் அம்மன் கோயில்களிலே காணப்படுவதும் இதுவே. இத்தகைய வழிபாட்டை உணரிகள் கொண்டு அளந்தால் யாது புலப்படும்?

இவ்வினாவிற்கு விடை தரும் ஆய்வுகள் இந்நூற்றாண்டிலேயே தோன்றின. மானிடவியலாளரான டிமித்ரிஸ் சிகலாதாசும் அவரோடு இணைந்தோரும் ஸ்பானிய நாட்டுச் சான் பெத்ரோ மன்றிக்கே என்னும் ஊரில் தீ மிதிப்போருக்கும் பார்வையாளருக்கும் இதயத் துடிப்பு மானிகளை அணிவித்தனர். 2011 இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, தீ மிதிப்பவருடைய துடிப்பும், கரையில் நின்ற அவருடைய உறவினர் நண்பருடைய துடிப்பும் ஒத்து ஏறி இறங்கின. உறவில்லாத பார்வையாளரிடம் அவ்வொற்றுமை இல்லை. மிதித்தவர்கள் தாம் அமைதியாகவே இருந்ததாகப் பின்னர் கூறினர். மானிகளோ மிக உயர்ந்த துடிப்பைக் காட்டின. இங்கே எதனை நம்புவது? சொல்லையா, கருவியையா? இரண்டனுள் ஒன்று பொய்யாதல் வேண்டும் என்று கொள்வதே அவசர முடிபாகும். உடல் புயலிலும் உள்ளம் அமைதியிலும் ஒரே வேளையில் இருத்தல் கூடும். அன்றி, நினைவு பின்னர் அமைதியைப் புனைந்திருத்தலும் கூடும். இரண்டினையும் பதிவு செய்தமையாலேயே இவ்வினா எழுந்தது என்பதுதான் அவ்வாய்வின் வெற்றி.

தமிழர்க்கு இன்னும் அணுக்கமானது அவர்களுடைய மொரீசியசு ஆய்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் அத்தீவிலே தைப்பூசக் காவடியை இன்றும் எடுத்து வருகின்றனர். நாவிலும் கன்னத்திலும் முதுகிலும் வேலும் கொக்கியும் குத்தி, வெயிலில் நெடுந்தூரம் நடந்து, குன்றேறும் கடுநேர்த்தி அது. நேர்த்தி செய்வோர்க்கு உணரிகள் அணிவித்து, விழாவிற்கு முன்னும் பின்னும் அவர்தம் நலத்தை ஆராய்ந்த முடிவுகள் 2019 இல் வெளிவந்தன. நேர்த்தியால் உடல்நலத்திற்குத் தீங்கு காணப்படவில்லை. தம் நலம் மேம்பட்டதாக அவர்கள் உணர்ந்தனர். மிகக் கடுமையாய் நேர்த்தி செய்தோரிடமே அவ்வுணர்வு மிகுந்திருந்தது. நோயுற்றோரும் வறியோருமே கடுமையான நேர்த்தியை விரும்பி ஏற்றனர் என்பதும் அவ்வாய்வின் முடிவு.

இவ்வாய்வு சில ஐயங்களுக்கும் இடந்தருகின்றது. வெயிலில் நடப்பவனுக்கு வெப்பத்தாலேயே வியர்க்கும். குன்றேறுபவனுக்கு உழைப்பாலேயே துடிப்பு உயரும். அவற்றுள் பத்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. காவடி எடுப்போர் தாமே விரும்பி எடுப்போராதலால், அவர்களையும் எடாதோரையும் ஒப்பிடுவது மருந்துச் சோதனைபோல் அமைவதில்லை. நேர்ந்ததை நிறைவேற்றியவன் நலம்பெற்றேன் என்று கூறுவதில் எதிர்பார்ப்பின் பங்கும் உண்டு. இக்குறைகளுட் சிலவற்றை நீக்க முயன்றது, அத்தீவின் மராத்தி இந்துப் பெண்கள் 75 பேரிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளிவந்த ஆய்வு. பேச்சொன்றிற்கு ஆயத்தஞ் செய்யும்படி கூறி அவர்களை முதலிற் பதற்றத்திற்கு உள்ளாக்கினர். பின்னர் ஒரு பகுதியினர் கோயிலில் வழக்கமான வழிபாட்டைச் செய்தனர்; மற்றையோர் அமர்ந்து ஓய்ந்தனர். வழிபட்டோரிடமே பதற்றம் கூடுதலாய்த் தணிந்தது என்பதை அவர்களுடைய கூற்றும் இதயத் துடிப்பின் மாற்றமும் ஒருங்கே காட்டின. கருவியும் சொல்லும் இங்கு உடன்பட்டன.

ஆயினும் மொரீசியசுக் காவடியின் மிகப் பெரிய உண்மை உணரியிலிருந்து வந்ததன்று. வறியோரும் நோயுற்றோருமே கடுநேர்த்தியை நாடினர் என்ற செய்தி, அவர்தம் வாழ்க்கையைக் கேட்டறிந்ததால் வந்தது. இழவும் வறுமையும் அழுகையின் நிலைக்களன்கள் என்ற பழைய இலக்கணத்தை அது மீண்டும் மெய்ப்பிக்கின்றது.

சல்லிக் கரையில்

இவ்வளவும் நோக்கிய பின் சல்லி முத்துமாரியம்மன் சந்நிதியில் நிற்கும் ஒரு தாயை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தலையிற் கற்பூரச் சட்டியோ கையில் வேப்பிலையோ ஏந்தி, பறையொலிக்கு உடல் அதிர நிற்கும் அவள் மணிக்கட்டில் இக்காலத்து நெருக்கீட்டுமானியைக் கட்டினால், அது அபாயக் குறியையே காட்டும். துடிப்பு உயர்வு, வியர்வை மிகுதி, மூச்சு ஒழுங்கின்மை எல்லாம் அவள் பெருநெருக்கீட்டில் இருப்பதாகவே உரைக்கும். சற்று அமர்ந்து ஓய்வெடுக்கும்படி கடிகாரம் அவளுக்கு அறிவுரை கூறவும் கூடும். அவளோ தன் நெருக்கீட்டை இறக்கி வைப்பதற்கே அங்கு வந்திருக்கின்றாள். கருவி பொய் சொல்லவில்லை. வியர்வையை வியர்வை என்றே சொல்கின்றது. அதனை நெருக்கீடு என மொழிபெயர்த்தவர்தாம் பிழை செய்தனர்.

இப்பிழை சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. போருக்குப் பிந்திய கிழக்கிலே உள நலம் ஓர் அன்றாடப் பிரச்சினை. காணாமற் போனோரின் குடும்பங்கள் இறந்தார் என்று அழவும் இயலாது, இருக்கின்றார் என்று ஆறவும் இயலாது வாழ்கின்றன. மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், போர்க்காலத்து மட்டக்களப்பு அம்மன் கோயில்களிலே இத்தகையோர் வாக்குச் சொல்வோரிடம் வந்து தம் துயரை வெளியிட்டதை விரிவாக எழுதியுள்ளார். வெளியே வாய்திறக்க அஞ்சிய காலத்தில், அம்மன் முன்னிலையிலேதான் இழவிற்கு ஒரு மொழி கிடைத்தது. அம்மொழியைக் கேளாது, துடிப்பை மட்டும் எண்ணி அவர்தம் நலத்தை மதிப்பிடும் எந்தத் திட்டமும் அவர்களுடைய துயரின் பெயரை அழித்துவிடும்.

எனினும் மறுபக்கத்து அபாயமும் சிறிதன்று. கோயிலாட்டம் மனத்திற்கு நன்று என அறிவியலே நிறுவிவிட்டது, ஆதலால் மருத்துவம் வேண்டியதில்லை என்று கூறுவோர் உளர். மொரீசியசு ஆய்வை அவ்வாறு படிப்பது, யோகி இதயத்தை நிறுத்தினார் என்று 1935 இல் மகிழ்ந்தோரின் பிழையையே மீண்டும் செய்வதாகும். ஒரு விழாவில் நேர்த்தி செய்தோர் தம் நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர் என்பது வேறு. உளநோய் நீங்கியது என்பது வேறு. உறக்கமின்றி, உயிரை வெறுத்து வாழும் ஒருவரை வைத்தியசாலைக்கு அனுப்பாது கோயிலுக்கு மட்டும் அனுப்புவது, மரபைப் போற்றுவதன்று; மனிதரைக் கைவிடுவதே.

இரண்டு அபாயங்களையும் தவிர்க்கும் வழியை ஈழத்து உளமருத்துவத்திலேயே காணலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம், போரினாற் பாதிக்கப்பட்டோர்க்குப் பண்பாட்டு முறைத் தளர்வுப் பயிற்சிகளைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகப் பயன்படுத்தினார். சைவர்க்கு ஓங்கார ஜெபம், கத்தோலிக்கர்க்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ரு, பௌத்தர்க்கு மூச்சுத் தியானம் என அவரவர் அறிந்த வழியை அவரவர்க்கே மீட்டுக் கொடுப்பது அவர் முறை. பென்சனுக்கு எந்தச் சொல்லும் போதுமாயிருந்தது. சோமசுந்தரத்திற்கோ அச்சொல் நோயாளியினுடையதாய் இருத்தல் முதன்மையாயிற்று. தாயின் மடியில் கேட்ட சொல்லுக்கும் வழியில் எடுத்த சொல்லுக்கும் உடலளவில் வேறுபாடு உண்டோ இல்லையோ, அகதி முகாமில் எல்லாம் இழந்திருப்பவருக்கு இழக்காத ஒன்று தன்னிடம் உண்டு என்று உணர்த்துவது முதற்சொல்லே. மருத்துவமும் மரபும் இங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. மருத்துவரின் கண்காணிப்பிலேயே மரபு பணிபுரிந்தது.

முடிவுரை

உடலுணரிகளை மறுப்பது அறிவுடைமையாகாது. யோகியரின் இதயம் நிற்கவில்லை என்று சொன்னவை அவை. ஓய்வோடு ஒப்பிடாது தியானத்தைப் புகழக்கூடாது என்று கற்பித்தவை அவை. காவடியைக் காட்டுமிராண்டித்தனம் எனப் பழித்தோர்க்கு, அது உடலைக் கெடுத்ததற்குச் சான்றில்லை எனக் காட்டியவையும் அவையே. மிகைக்கும் பழிப்பிற்கும் ஒருங்கே எல்லை வகுத்தமை அவற்றின் தொண்டு.

ஆயின் அவை மெய்ப்பாட்டைத் தருவன; நிலைக்களனைத் தருவன அல்ல. உயிர்ப்பையும் வியர்த்தலையும் நடுக்கையும் தொல்காப்பியர் எண்ணியதினும் நுட்பமாய் இன்று எண்ணலாம். அது யாருடைய உயிர்ப்பு, எதன்பொருட்டு வியர்த்தது, எவரை இழந்து நடுங்கியது என்பன கேட்டறிய வேண்டியவை. திருகோணமலைப் பகுதியில் இனி எவரேனும் இத்தகைய ஆய்வை மேற்கொள்வாராயின், உணரியை அணிவிப்பதற்கு முன் அணிபவருடைய கதையைக் கேட்பதும், அளந்த பின் அம்முடிவை அவருக்கே சொல்லி அவர் மறுமொழியையும் பதிவு செய்வதும் அவ்வாய்வின் முறையாதல் வேண்டும். அவ்வாறன்றி எண்களை மட்டும் எடுத்துச் செல்லும் ஆய்வு, சல்லியிலிருந்து வியர்வையைக் கொண்டுபோகும். அவ்வூரின் துயரையும் அமைதியையும் அங்கேயே விட்டுச் செல்லும்.